மனம் வரட்டும் என்று காத்திருக்கும் ஸ்டோர் அறை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலத்தில் 31 போத்தல்கள் இருந்தன. சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள். மலேசியாவில் தீபாவளி கொண்டாடும் எந்த வீட்டுக்கும் அவற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முறுக்கு, நெய் உருண்டை, அச்சுமுறுக்கு என்று நிரம்பி வரும். பலகாரம் தீர்ந்ததும் கழுவிக் கவிழ்த்து, அடுத்த ஆண்டுக்கு உதவும் என்று மேலே ஏற்றிவிடுவோம். அடுத்த ஆண்டு வந்ததும் புதுப் போத்தல்களையே வாங்குவோம். எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருக்கப் பண்டிகை நேரத்தில் யாருக்குப் பொழுது இருக்கிறது?

ஒரு நாள் மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுக்கப்போய் ஏழெட்டுப் போத்தல்கள் சரிந்து தலையில் விழுந்தன. எல்லாவற்றையும் பொறுக்கித் துடைத்து மறுபடியும் அதே தட்டில் அடுக்கினேன். அடுக்கி முடித்துக் கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது. இவற்றை மீண்டும் ஏற்றிவைக்கக் கால் மணி நேரம் கிடைத்தது. கழித்துவிட மட்டும் ஏன் மனம் வரவில்லை?

வீட்டை ஒழித்துவைக்க வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். எப்படி அடுக்குவது, எந்தப் பெட்டி வாங்குவது என்பதெல்லாம் பிறகு வரும் பேச்சு. அந்த முதல் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கும் என்பது என் அனுபவம்.

அழுக்கு வேறு, அடைசல் வேறு

தூசியைத் துடைக்க மனத்தைக் கலந்துகொள்ள வேண்டியதில்லை. துணியை நனைக்கிறோம், துடைக்கிறோம், முடிந்தது. அடைசலின் இயல்பு வேறு. ஓர் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு பொருளும் நம்மிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு? இந்தச் சார்ஜர் எந்தக் கைப்பேசிக்கு? இந்தக் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் இருக்கிறதே, எப்படிக் கிழிப்பது? அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் இழுப்பறையை மூடியிருப்போம். அப்படித் தள்ளிப்போட்ட முடிவுகள்தாம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அடைசலாகின்றன.

அதனால்தான் வீடு கூட்டச் சலிக்காதவர்கள்கூட ஸ்டோர் அறைக் கதவைத் திறந்ததும் சோர்ந்துபோகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லித் தங்களையே திட்டிக்கொள்ளும் பல பெண்களை எனக்குத் தெரியும். அது சோம்பல் அன்று. நாள் முழுவதும் வேலையிடத்திலும் வீட்டிலும் முடிவெடுத்துக் களைத்தவரின் முன்னால், இன்னும் 300 முடிவுகளை ஒன்றாகக் கொட்டினால் மனம் பின்வாங்கத்தான் செய்யும்.

அடைசல் வெறும் கண்ணுறுத்தல் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். தம் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னபோது அடைசல், முடியாத வேலைகள் என்று அதிகம் குறிப்பிட்ட பெண்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற சுரப்பு, நாள் போகப்போக இயல்பாக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அடைசல்தான் அதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. மனம் சோர்ந்தவருக்கு வீடு அடைசலாகத் தெரிவதும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டேன்.

மனம் முதலா, கை முதலா?

“மனம் வந்தால் ஒரே நாளில் செய்துவிடுவேன்.” நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். இந்த வாக்கியத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் மனச்சோர்வு நோய்க்கு ஒரு சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார்கள். சோர்வில் இருப்பவர் எதிலும் ஈடுபாடு வரட்டும் என்று காத்திருப்பார். ஈடுபாடு வராது. ஒன்றும் செய்யாததால் நல்லதாக எதுவும் நடக்காது, சோர்வு இன்னும் கூடும். அதனால் அவர்கள் செயலிலிருந்து தொடங்கினார்கள். ஆசை இல்லாவிட்டாலும் சிறியதாக ஒன்றைச் செய்ய வைத்தார்கள். மனநிலை அதன் பின்னால் மெல்ல வந்தது. அடைசலோடு வாழும் நாம் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் மனம் இயங்கும் வரிசை நமக்கும் அதுதான். கை முதலில் அசைய வேண்டும். ஓர் இழுப்பறை காலியானதைக் கண் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் திறக்க விருப்பம் பிறக்கிறது.

எனவே தொடக்கம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பத்து நிமிடம், ஓர் இழுப்பறை. அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். வீடு முழுவதையும் மேலோட்டமாகக் கிளறி வரவேற்பறை நடுவே குவித்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் பைகளில் திணிப்பதுதான் பலரை அடுத்த ஓராண்டுக்கு இந்த வேலையின் பக்கமே வரவிடாமல் செய்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். புகைப்படப் பெட்டியையோ, மறைந்தவர்களின் துணிமணிகளையோ முதலில் தொடவே தொடாதீர்கள். நினைவு ஒட்டாத இடமாகப் பாருங்கள்: தாப்பாவ், அதாவது கடையில் சாப்பாடு கட்டி வாங்கிய டப்பாக்கள், நாள் கடந்த சாஸ், மசாலாப் பொட்டலங்கள், மருந்துப் பெட்டி. கேள்வி எழுந்த உடனே பதில் கிடைக்கும் இடங்கள் இவை. நான் அந்தப் போத்தல்களில் தொடங்கினேன். மூடி சரியாகப் பொருந்திய ஆறை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தேன். இருபது நிமிடம்தான் ஆனது. மறுநாள் காலையில் காப்பி கலக்கும்போது அந்தக் காலித் தட்டை மூன்று முறை நிமிர்ந்து பார்த்தேன்.

நம் கைக்கு வந்ததும் விலை ஏறிவிடுகிறது

இனி சற்றுக் கடினமான பகுதி. பயனில்லை என்று தெரிந்தும் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறதே, அது ஏன்?

டேனியல் கானமன், ஜாக் கினெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை எளிதாக விளக்குகிறது. மாணவர்களில் ஒரு பாதியினருக்குக் காப்பிக் குவளை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். மறு பாதியினருக்குக் கொடுக்கவில்லை. பிறகு, குவளை வைத்திருப்பவர்களிடம் என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும், இல்லாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். ஒரே குவளைதான். சில நிமிடங்களுக்கு முன்புதான் கைக்கு வந்தது. ஆனாலும் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க இருந்தவர்கள் சொன்ன விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. தனது என்று ஆனதும் ஒரு பொருளின் மதிப்பு மனத்துக்குள் ஏறிவிடுகிறது. கானமன் 2002-இலும் தேலர் 2017-இலும் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள்.

சில நிமிடம் வைத்திருந்த குவளைக்கே அப்படியென்றால், இருபது ஆண்டுகள் வைத்திருந்த எவர்சில்வர் அண்டாவுக்கு எப்படி இருக்கும்?

இதற்கு என் தங்கையிடமிருந்து ஒரு வழி கிடைத்தது. அவள் பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருக்கிறாள். அங்கே சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் என்ற காலைச் சந்தை இருக்கிறது. பழைய கடிகாரம், பழைய பீங்கான், பழைய செருப்பு வரை தரையில் பரப்பி விற்பார்கள். ஒரு பொருளைக் கழிக்கலாமா என்று குழம்பும்போது அவள் தன்னையே இப்படிக் கேட்டுக்கொள்வாளாம்: “இது என்னிடம் இல்லை. லோரோங் கூலிட்டில் ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடக்கிறது. குனிந்து எடுப்பேனா?” அந்தக் கேள்வி நம்மை விற்பவர் பக்கத்திலிருந்து வாங்குபவர் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. நான் இதைப் பல பொருள்களிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்கு நான் குனிந்திருக்க மாட்டேன்.

கொட்டிய பணமும் ஒரு கட்டு. விலை கொடுத்து வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் இன்று துணி காய்கிறது. கழித்தால் காசு வீணாகும் என்று மனம் சொல்கிறது. காசு வாங்கிய அன்றே போய்விட்டது. இப்போது நாம் கொடுத்துக்கொண்டிருப்பது இடம். 700 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் அந்தச் சைக்கிள் பிடித்திருக்கும் மூலையில் ஒரு பிள்ளையின் படிப்பு மேசையைப் போடலாம்.

என் மகன் 2019-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். எழுதினான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. இரண்டு பெட்டி நிறையப் பயிற்சி நூல்கள். தங்கை பிள்ளைக்கு ஆகும் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். 2020-இல் தேர்வு நடக்கவில்லை, 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பெட்டிகள் 2023 வரை எங்கள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தன. இல்லாத தேர்வுக்கு எதற்குப் பயிற்சி நூல் என்று யாரும் கேட்கலாம். நான் விட முடியாமல் இருந்தது நூல்களை அன்று. அந்த ஆண்டு இரவுகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதெழுதல் போட்ட அந்த நேரத்தைத்தான். அது புரிந்ததும் அவன் கையெழுத்தில் இருந்த ஒரே ஒரு கட்டுரைப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மற்றவற்றைப் போட்டுவிட்டேன்.

நினைவுப் பொருள்களைக் கழிக்கும் முன் படம் எடுத்துவையுங்கள் என்று பலர் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் நன்கொடைக்குப் பொருள் திரட்டியபோது, முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்த விடுதிகளில் மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுபோன வேலை

மனம் வந்தும் வேலை நிற்பது இங்கேதான். கட்டிவைத்த பை வாசலில் இரண்டு வாரம் கிடந்தால் அதிலிருந்து ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திரும்பிவரும். ஆகவே முதல் இழுப்பறையைத் திறக்கும் முன்பே பொருள் போகும் இடத்தை முடிவுசெய்துவிட வேண்டும்.

கோலாலம்பூரில் வீட்டுக் கழிவு 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் வருகிறது. குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் முதல் கட்டாயம். தரை வீடுகளில் வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் பருமனான சாமான்களும் எடுக்கப்படுகின்றன. அடுக்குமாடிகளில் நிர்வாக அலுவலகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பினாங்கு அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அங்கே ஊராட்சி மன்றங்களே பார்த்துக்கொள்கின்றன. காகிதம், இரும்பு, பழைய மின்விசிறிக்கு “சூரட் கபார் லாமா” (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிவரும் லோரி இருக்கவே இருக்கிறது. தூய்மையான துணி, நல்ல பாத்திரம் என்றால் இரண்டு நகரங்களிலும் சால்வேஷன் ஆர்மி, சூ சி போன்ற அமைப்புகள் இருக்கின்றன. கிழிந்ததையும் கறை படிந்ததையும் தானம் என்று அனுப்பாதீர்கள். நம் முடிவை இன்னொருவர் தலையில் கட்டுவது அது.

மீந்த மருந்துகளை அரசாங்க மருத்துவமனை, சுகாதார நிலைய மருந்தகங்களில் திரும்ப ஒப்படைக்கலாம். பழைய கணினி, கைப்பேசி, பேட்டரி ஆகியவற்றைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். வருமான வரி தொடர்பான ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தியவற்றைக் கிழித்துப் போடலாம். இந்த ஒன்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக் கோப்புகள் பாதியாகக் குறைந்தன. போகி அன்று கொளுத்திவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி இங்கே திறந்தவெளியில் எரிப்பது குற்றம்.

சாமி படம் போட்ட நாள்காட்டியும் கல்யாணப் பத்திரிகையும் நம்மவர் வீடுகளில் தனிக் கவலை. அரச மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள், மழையில் நனைந்து அவை மிதிபடுகின்றன. எனக்கு அதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும். நான் காகிதப் படங்களை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக்கித் துளசிச் செடியின் அடியில் போடுகிறேன். கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களுக்குக் கோயில் குருக்களைக் கேட்டுச் செய்வது நல்லது.

கொசுவும் ஒரு காரணம்

அழகுக்காக வீட்டை ஒழிக்க மனம் வராதவர்களுக்கு நான் ஏடிஸ் கொசுவை நினைவூட்டுவேன். பால்கனியில் கவிழ்க்காமல் கிடக்கும் வாளி, பூந்தொட்டித் தட்டு, பழைய டின் ஆகியவற்றில் நிற்கும் மழைநீரில் முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2019-இல் மட்டும் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டோருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. எங்கள் மாடியில் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு வந்த வாரம், நான் பால்கனியை ஒரே மாலையில் ஒழித்தேன். காரணம் நமக்கு நெருக்கமானதாக இருந்தால் கை தானே அசையும். உங்களுக்கு அது தவழும் குழந்தையாக இருக்கலாம், வழுக்கி விழக்கூடிய வயதில் இருக்கும் மாமியாராக இருக்கலாம்.

விருந்தினர் வருகை அப்படிப்பட்ட காரணம் ஆகாது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முதல் நாள் நாம் செய்வது ஒழிப்பது அன்று. ஒளிப்பது. எல்லாம் படுக்கையறைக்குள் போய்க் கதவு மூடிக்கொள்கிறது. ஒழிக்கும் வேலைக்குப் பண்டிகை இல்லாத மாதமே ஏற்றது.

நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே முடிவுசெய்துகொள்ளுங்கள். “இந்த வாரம் செய்வேன்” என்பது காற்றில் போகும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் ஆராய்ந்து காட்டியது இதுதான்: இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்பவர்கள், வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். என்னுடையது இது: வெள்ளிக்கிழமை இரவு விளக்கேற்றிச் சாப்பிட்டு முடித்ததும் ஓர் இழுப்பறை. சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போகும்போது பை என்னோடு கீழே இறங்கிவிடும்.

அம்மாவின் டின்கள்

அடுத்தவர் பொருளில் கை வைக்காதீர்கள். கணவர் பொருளானாலும் பிள்ளைகள் பொருளானாலும், கேட்காமல் கழித்தால் வீட்டில் இருப்பவர்கள் தத்தம் பொருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். எதையும் கழிக்கவே முடியாமல், நடக்கவும் படுக்கவும் இடமில்லாத அளவுக்குச் சேர்த்துத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை 2013 முதல் மருத்துவ உலகம் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவரின் உதவி. நம் அறிவுரை அவர்களைப் புண்படுத்தும்.

என் அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. அவரிடம் இருந்தது 14 மைலோ டின்கள். “இருக்கட்டும் பிள்ளை, ஒரு நாளைக்கு உதவும்” என்பார். நெடுங்காலம் எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் கோலா சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாட்டி ஜப்பான்காரன் காலத்தில், 1942-க்கும் 1945-க்கும் இடையில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தவர். துணி கிடைக்காத நாள்கள் அவை. மாவு மூட்டைத் துணியில் பாவாடை தைத்தார்களாம். அந்த வீட்டில் ஒரு டின் என்றால் அதுதான் உப்புச் சாடி, அதுதான் நகைப்பெட்டி, ஓட்டை விழுந்தால் அதுவே பூந்தொட்டி. எதையும் எறியாமல் இருந்ததால்தான் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்தது. அந்தச் சிக்கனத்தைப் பழிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதனால் போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கழிக்கலாம் என்ற சொல்லையே எடுக்காமல், டின்களை இறக்கி அம்மாவின் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஒன்றில் ரப்பர் பட்டைகள், உலர்ந்து ஒட்டிப்போயிருந்தன. ஒன்றில் துருப்பிடித்த ஊசிகள். ஒன்றில் நான் பிறந்தபோது கையில் கட்டிய வசம்பு வளையல். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். பெரும்பாலானவை வெறும் டின்கள். பதினோராவது டின்னைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, அவராகவே அதைக் கதவுப் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு இன்னொன்றை. பொத்தான்கள் இருந்த டின்னையும் வளையல் இருந்த டின்னையும் மடியில் வைத்துக்கொண்டார்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. போதும், படுக்கலாம் அம்மா என்றேன். அவர் அலமாரியின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நீலப் பெட்டியையும் இறக்கு பிள்ளை. என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.”